எந்த ஊரில் வரி குறைவு?

பண்டைக் காலத்திலே குடிகள் தம் விளைவில் ஆறிலொரு பங்கை மன்னனுக்கு இறையாக அளந்தனர் என்று நம் நூல்கள் கூறும். அக்கணக்கு எளிது. இக்காலக் குடிமகனோ தான் இறுக்கும் வரி எவ்வளவென்று தானே அறியான். சம்பளத்திற் பிடிப்பது ஒன்று. கடையிற் பொருளோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று. குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டுவது இன்னொன்று. இவ்வாறு பல வழிகளிற் பிரிந்து செல்வதனாலேயே அதன் பாரம் நமக்குத் தெரிவதில்லை.

அந்நிய நாடுகளில் உறவினரை உடைய குடும்பங்கள் நம்மிடையே பல. "அமெரிக்காவிலே சில மாநிலங்களில் வருமானவரியே இல்லையாம், அங்கே குடியேறினால் எவ்வளவு மிச்சம்!" என்று பேசிக்கொள்வதை நாமும் கேட்டதுண்டு. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

ஐக்கிய அமெரிக்காவில் மத்திய அரசாங்கத்தின் வரி எங்கும் ஒன்றே. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும், மாநிலத்தினுள் ஒவ்வொரு நகரமும், பாடசாலை வட்டாரமும் தத்தமக்கு வேண்டியவாறு வரி விதிக்கின்றன. ஆகையால் ஒரு நதியைக் கடந்தாற்கூட வரி மாறிவிடும். கொலம்பியா நதியின் தென்கரையில் ஒரெகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரும், வடகரையில் வாஷிங்டன் மாநிலத்து வன்கூவர் நகரும் உள்ளன. ஒரெகனில் விற்பனை வரி இல்லை. ஆனால் வருமானவரியின் உச்ச விகிதம் நூற்றுக்கு 9.9. வாஷிங்டனிலோ சாதாரணக் குடும்பத்தின் சம்பளத்துக்கு மாநில வருமானவரி கிடையாது. விற்பனை வரி மாநிலத்துக்கு மாத்திரம் நூற்றுக்கு 6.5, அதன்மேல் உள்ளூர்ப் பங்கு வேறு.

அப்படியாயின் வடகரையில் வசித்து, தென்கரையில் உழைத்து, அங்கேயே பொருள் வாங்கினால் இரு வரியும் தப்பலாமே என்று கெட்டிக்கார மாணவர் கேட்கக்கூடும். அதற்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. ஒரெகனில் உழைத்த பணத்துக்கு, வேற்று மாநிலத்தவராயினும் ஒரெகனுக்கு வரி இறுத்தல் வேண்டும். அங்கே வரியின்றி வாங்கிய பொருளை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து பாவித்தால், சட்டப்படி அதற்கும் ஒரு வரி உண்டு. ஒரு வாயிலிற் போகாத வரி மறு வாயிலாற் போகும் என்பதே இதன் சாரம்.

வருமானவரி இல்லாத மாநிலங்களில் மக்கள்தொகையிற் பெரியது டெக்சாஸ். அங்கு விற்பனை வரி மாநிலத்துக்கு நூற்றுக்கு 6.25, உள்ளூரும் சேர்ந்தால் 8.25 வரை போகும். இதன் பாரம் யார்மேல் விழுகிறதென்று பார்ப்போம். ஆண்டுக்கு 30,000 டொலர் சம்பாதிக்கும் குடும்பம் வரிக்குட்பட்ட பொருள்களுக்கு 20,000 டொலரைச் செலவிடுகிறதெனக் கொள்வோம். அக்குடும்பம் 1,650 டொலரை வரியாகக் கொடுக்கும். அது வருமானத்தில் நூற்றுக்கு ஐந்தரை. 3,00,000 டொலர் சம்பாதிக்கும் குடும்பம் 60,000 டொலருக்குப் பொருள் வாங்கினால் வரி 4,950 டொலர். வருமானத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. தொகையிற் பெரியது பாரத்திற் சிறியதாகிவிட்டது.

அடுத்தது வீட்டு வரி. டெக்சாஸில் அதன் பெரும்பகுதி பாடசாலைகளுக்குச் செல்கிறது. இங்கேதான் நம் உள்ளத்தைத் தொடும் ஒரு வரலாறு இருக்கிறது. சான் அன்ரோனியோ நகரிலே எட்ஜ்வூட் என்பது ஏழை மெக்சிக்க வமிசத்தவர் மிகுந்த பாடசாலை வட்டாரம்; அலமோ ஹைட்ஸ் செல்வர் வாழும் வட்டாரம். 1967-68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வூட் மக்கள் ஆதனப் பெறுமதியில் 100 டொலருக்கு 1 டொலர் 5 சதம் வீதம் வரி இறுத்தனர். அலமோ ஹைட்ஸ் மக்கள் இறுத்ததோ 85 சதம் மாத்திரமே. மாநிலப் பொதுத்திட்டத்துக்குரிய பங்கு போக, அவ்வரியால் எட்ஜ்வூட் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டொலர்; அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்குக் கிடைத்தது 333 டொலர். கூடிய வீதத்தில் இறுத்தவனுக்குக் குறைந்த பலன்! வீடுகளின் பெறுமதி குறைவானதால், எவ்வளவு வருந்தி இறுத்தாலும் சேரும் தொகை சிறிதாயிற்று. மாநில, மத்திய உதவிகளைக் கூட்டிய பின்னரும் 356 டொலருக்கு எதிரே 594 டொலர் என்ற ஏற்றத்தாழ்வு நின்றது.

டெமெற்றியோ றொட்றிகஸ் முதலான பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தனர். 1973இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. 1989இல் டெக்சாஸ் மாநில உயர் நீதிமன்றம் அம்முறை மாநில அரசியல் யாப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. 1993இல் செல்வ வட்டாரங்களின் வரிப்பணத்தில் ஒரு பகுதியை வறிய வட்டாரங்களுக்குப் பகிரும் சட்டம் வந்தது. முதல் வழக்கு எழுந்தபோது பள்ளியில் இருந்த பிள்ளைகளோ அதற்குள் வளர்ந்து முடிந்திருந்தனர்.

நம் நாட்டு நிலையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். வருமான வரியும், 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18 ஆன பெறுமதி சேர் வரியும் தீவு முழுவதும் ஒன்றே. ஊருக்கு ஊர் வேறுபடுவது உள்ளூராட்சி மன்றங்கள் அறவிடும் சோலைவரி. அது தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல் போன்றவற்றுக்காகவே. ஆசிரியர் சம்பளம் அதனைச் சார்ந்ததன்று. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, நாட்டின் பொதுப் பணத்தால் நடப்பது. தெருவிலுள்ள வீடுகளின் விலையைப் பார்த்துப் பிள்ளையின் படிப்பை அளக்காத இவ்வேற்பாட்டின் அருமையை நாம் மறந்துவிடலாகாது. எனினும் நகரப் பாடசாலைக்கும் கிராமப் பாடசாலைக்கும் உள்ள வேற்றுமை இன்னும் தீரவில்லை. சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலியாளும் கொழுத்த செல்வரும் ஒரே வரியைத்தான் இறுக்கின்றனர்.

ஆதலின் எந்த ஊரில் வரி குறைவு என்று மாத்திரம் கேட்பது பாதிக் கேள்வியே. அந்த ஊரில் அதை யார் சுமக்கின்றனர், அதன் பயன் யாருடைய பிள்ளையைச் சென்றடைகிறது என்பது மற்றப் பாதி. அடுத்த முறை சோலைவரிப் பத்திரம் வீட்டுக்கு வரும்போது, தந்தையர் அதனைப் பிள்ளைகளுக்கும் காட்டி, கடைப் பற்றுச்சீட்டையும் அருகில் வைத்து, ஒரு மாதத்துக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பாராக. தான் கொடுப்பது எவ்வளவென்று அறிந்த குடிமகனே, அதன் பயன் எங்கே என்று கேட்கும் உரிமையையும் உணர்வான்.