அட்டையில் நிற்பவளும் உள்ளே நடப்பவளும்

நமக்குப் புதுப்படத்துக்கு வெள்ளிக்கிழமை எப்படியோ, அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்குப் புதன்கிழமை அப்படி. 2024 அக்டோபர் 23, அப்படியொரு புதன்கிழமையில், டிசி நிறுவனம் ‘அப்சலூட் வொண்டர் வுமன்’ முதல் இதழைக் கடைக்கு அனுப்பியது. எழுத்து கெல்லி தாம்ப்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன், வண்ணம் ஜோர்டி பெல்லேர். 1941இன் இறுதியில் முதன்முதலாகத் தலைகாட்டிய நாயகிக்கு இதுவரை எத்தனை ‘முதல் இதழ்’ வந்துவிட்டன என்று கணக்கெடுத்தால் சலிப்புதான் மிஞ்சும். இந்த முதல் இதழ் சலிப்பூட்டவில்லை. மறுபதிப்பு மேல் மறுபதிப்பு கண்டது. 2025இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகளில் சிறந்த புதிய தொடர் என்ற பரிசும் அதற்கே கிடைத்தது.

ஆனால் அன்று கடைக்குப் போனவர் கையில் எடுத்தது ஒரு புத்தகத்தை அல்ல. ஒரே புத்தகத்தின் பல அட்டைகளில் ஒன்றை. உள்ளே அதே கதை, அதே படங்கள், அதே விளம்பரங்கள். வெளியே மட்டும் ஆளுக்கொரு ஓவியர் வரைந்த நாயகி. வேரியன்ட் என்று இதைச் சொல்கிறார்கள். சேகரிப்பவர்கள் ஒரே இதழை நான்கு முறை வாங்குவார்கள். நான்கு முறை படிப்பார்களா என்று கேட்பது நாகரிகமல்ல.

இந்த வியாபாரத்தின் அடித்தளம் 1970களில் போடப்பட்டது. அதுவரை காமிக்ஸ் பெட்டிக்கடைகளிலும் பத்திரிகைக் கடைகளிலும் தொங்கியது. விற்காத பிரதி பதிப்பாளருக்கே திரும்பி வந்தது. ஃபில் சூலிங் என்ற நியூயார்க் வியாபாரி பதிப்பகங்களோடு வேறு ஏற்பாடு செய்துகொண்டார்: கூடுதல் கழிவு கொடுங்கள், விற்காததைத் திருப்ப மாட்டோம். காமிக்ஸுக்கென்றே தனிக்கடைகள் பெருகியது அதன்பிறகுதான். (பிரதிகள் திரும்பி வராது என்ற வரத்தை எந்தத் தமிழ்ச் சிற்றிதழ் ஆசிரியருக்கு எந்த முகவர் கொடுத்திருக்கிறார்? கட்டுக்கட்டாகத் திரும்பி வந்ததை எடைக்குப் போட்டவர்கள்தாம் நாம்.) அந்த வரத்துக்கு ஒரு விலை இருந்தது. புத்தகம் அச்சாவதற்கு முன்பே கடைக்காரர் இத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லும் எண்ணிக்கையே விற்பனை. வாசகர் வாங்கினாரா, புத்தகம் பெட்டிக்குள் தூங்குகிறதா என்பது பதிப்பகத்தின் கவலை அல்ல.

இங்கேதான் வேரியன்ட் அட்டை தூண்டிலாகிறது. சாதாரண அட்டையில் இருபத்தைந்து பிரதி எடுத்தால் அபூர்வ அட்டையில் ஒன்று கேட்கலாம். ஐம்பது எடுத்தால் அதைவிட அபூர்வமானது. ஐந்து டாலர் புத்தகத்தின் அபூர்வ அட்டையைக் கடைக்காரர் பல மடங்கு விலைக்கு விற்று, தேங்கிய பிரதிகளின் நட்டத்தை ஈடுகட்டிக்கொள்வார். பதிப்பகத்தின் ஏட்டில் இருபத்தாறு பிரதி விற்றதாக இருக்கும். படித்தவர் எத்தனை பேர் என்பதற்கு அந்த ஏட்டில் பத்தியே கிடையாது.

நாயகனின் அட்டைக்கும் இதே கதிதான் என்று சொல்லலாம். சொல்லலாமே தவிர, அது பாதி உண்மை. 2014இல் மார்வெல் நிறுவனம் ‘ஸ்பைடர் வுமன்’ தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது, ஒரு வேரியன்ட் அட்டையை இத்தாலிய ஓவியர் மிலோ மனாராவிடம் கொடுத்தது. காமச் சித்திரக்கதைகளில் பெயர் பெற்றவர் அவர். தனக்குத் தெரிந்ததை வரைந்து கொடுத்தார். கூரை விளிம்பில் தவழ்ந்தேறும் நாயகி பகைவனைத் தேடி வந்தவளாகத் தெரியவில்லை. படம் வெளியானதும் பெரிய சண்டை மூண்டது. மனாராவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, அவரை அழைத்தவர்களுக்கு என்ன வேண்டுமென்று நன்றாகத் தெரியும். நமக்கு ருசிகரமாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. சில மாதங்களிலேயே ஓவியர் கிரிஸ் அங்கா அந்த நாயகிக்கு ஜிப் வைத்த மேற்சட்டையும் கண்ணாடியுமாகப் புது உடை வடிவமைத்தார். ஹாவியர் ரோட்ரிகஸ் வரைந்தார். 2015இன் இறுதியில் தொடர் மறுபடி தொடங்கியபோது நாயகி நிறைமாதக் கர்ப்பிணி. சூப்பர் ஹீரோக் கதைகளில் அதற்கு முன்னும் பின்னும் அபூர்வமாகவே பார்க்கக்கூடிய வயிறு அது. எழுத்தாளர் டெனிஸ் ஹோப்லெஸ் மாறவே இல்லை. ஆரம்பம் முதல் அவரேதான். அட்டைச் சண்டையை அறிந்தவர்களில் பாதிப்பேருக்காவது இந்தக் கதை தெரிந்திருந்தால் நல்லது.

வொண்டர் வுமன் வரலாற்றில் அட்டைக்கும் உள்ளடக்கத்துக்கும் நடந்த பெரிய மோதல் 1972இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே டிசி அவளுடைய சக்திகளையும் உடையையும் பறித்து, டயானா பிரின்ஸ் என்ற சாதாரணப் பெண்ணாக, தற்காப்புக்கலை பயின்று துணிக்கடை நடத்துபவளாக ஆக்கியிருந்தது. பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் ‘மிஸ்’ பத்திரிகையைத் தொடங்கியபோது, 1972 ஜூலை இதழின் அட்டையில் பழைய உடையோடு, பேருருவாய், வொண்டர் வுமனை நிறுத்தினார்கள். பறிக்கப்பட்ட சக்தியை நாயகிக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

அதே நேரத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சாமுவேல் டிலேனி அந்தத் தொடரை எழுத வந்திருந்தார். 203ஆம் இதழில் அவர் டயானாவை, பெண் ஊழியர்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் ஒரு பெரிய கடையின் பிரச்சினைக்குள் இறக்கிவிட்டார். ஆறு இதழ்களுக்குத் திட்டம் வைத்திருந்ததாகவும், பெண் மருத்துவர்கள் நடத்தும் கருக்கலைப்பு மருத்துவமனையை டயானா காப்பதில் அது முடியவிருந்ததாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றுத் தீர்ப்பளிக்காத காலம் அது. அந்தத் திட்டம் நடக்கவில்லை. பழைய உடையும் சக்தியும் திரும்பி வந்தன, டிலேனி போனார். கூலிப் பிரச்சினை பேசிய டயானா போய், நட்சத்திரம் பதித்த கால்சட்டை அணிந்த டயானா வந்தாள். பெண்ணியவாதிகள் கேட்டது கிடைத்தது. கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனது. இதில் யாரையும் துரோகி என்று சொல்ல முடியாது. ஆனால் நாயகியைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் அந்த மாதத்துக் கதையையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

204ஆம் இதழை எழுதியவர் பழம் தின்று கொட்டை போட்ட ராபர்ட் கேனிகர். முதல் பக்கங்களிலேயே ஒரு பெண் பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக் கொல்ல வைக்கிறார். அந்தப் பாத்திரத்தின் பெயரும் சாயலும் டிசியில் அவருக்கு முன் அதே தொடரை ஆசிரியராகக் கவனித்த டாரதி உல்ஃபோக்கை நினைவூட்டுபவை. அலுவலகக் கசப்பைத் தீர்த்துக்கொள்ள இவ்வளவு மலிவான வழி வேறு எந்தக் கலையில் உண்டு? இருந்தாலும் அதே இதழில்தான் நூபியா அறிமுகமாகிறாள். டயானாவின் கறுப்பினச் சகோதரி, களிமண்ணிலிருந்து அதே தாயால் உருவாக்கப்பட்டவள். மூன்று இதழ்களில் அவள் கதை முடிந்துபோயிற்று. அதன்பின் கால் நூற்றாண்டு காமிக்ஸ் அவளை ஏறக்குறைய மறந்தேவிட்டது.

மறக்காதது ஒரு பொம்மைக் கம்பெனி. தொலைக்காட்சியில் லிண்டா கார்ட்டர் வொண்டர் வுமனாக நடித்து வந்த எழுபதுகளின் பிற்பகுதியில், மேகோ நிறுவனம் பன்னிரண்டு அங்குலப் பொம்மை வரிசை கொண்டு வந்தது. டயானா, அவள் தாய், காதலன் ஸ்டீவ் ட்ரெவர், கூடவே நூபியா. தொலைக்காட்சித் தொடரில் நூபியா வரவே இல்லை, காமிக்ஸிலும் இல்லை, கடை அலமாரியில் மட்டும் இருந்தாள். கறுப்பின நாயகியின் பொம்மை என்பது அன்றைய அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கல்ல. 2021இல் ஸ்டெபனி வில்லியம்ஸ், வீட்டா அயாலா, அலித்தா மார்ட்டினெஸ் கூட்டணி ‘நூபியா அண்ட் தி அமேசான்ஸ்’ தொடரில் அவளை அரசியாக்கியது. இடைப்பட்ட காலத்தில் அவள் பெயரைக் காப்பாற்றியதில் ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கும் பங்குண்டு. சேகரிப்புப் பொருள் என்றாலே முகம் சுளிக்கும் நம் போன்றவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2015இல் ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதிப்பவள் பிளாக் விடோ. அந்தக் காட்சிக்கு வந்த பொம்மையில் வண்டியை ஓட்டியவர் கேப்டன் அமெரிக்கா. ‘அயர்ன் மேன் 3’ படத்தின் வில்லன் முதலில் பெண்ணாக எழுதப்பட்டதாகவும், பெண் பொம்மை விற்காது என்று மேலிடம் சொன்னதால் ஆணாக மாற்றியதாகவும் இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் வெளிப்படையாகச் சொன்னார். கதையிலிருந்து பொம்மை செய்வதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொம்மை விற்குமா என்று பார்த்துவிட்டே கதையைச் செய்கிறார்கள்.

பெண் விற்க மாட்டாள் என்ற அதே நம்பிக்கை காமிக்ஸிலும் உண்டு; அதற்கு ஆதாரம் கடைக்காரரின் முன்பதிவு ஏடுதான். 2017இல் மார்வெலின் விற்பனைப் பொறுப்பாளர் டேவிட் கேப்ரியல், பெண் நாயகிகளையும் பன்முகத்தையும் வாசகர் விரும்பவில்லை என்று கடைக்காரர்கள் சொல்வதாக ஒரு பேட்டியில் சொல்லிவிட்டு, பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய நிறுவனத்தின் ‘மிஸ் மார்வெல்’ அதற்குள் மூன்று வயதை எட்டியிருந்தது. ஜெர்சி நகரத்து பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கானின் கதை அது, ஜி. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்து, சனா அமனத் தொகுத்தது. முதல் தொகுப்புக்கு 2015இல் ஹியூகோ விருது. அவளுடைய வாசகர்களில் பலர் காமிக்ஸ் கடைக்கே போகாதவர்கள். மின்பிரதியாகவும், புத்தகக் கடையில் தொகுப்பாகவும், நூலகத்திலும் படித்தவர்கள். புதன்கிழமைக் கணக்கில் இவர்கள் ஒருவரும் இல்லை. சிவகாசியில் 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் தலைப்பிலேயே இருந்தவள் சாகச நாயகி மாடஸ்டி. அவளை நம் ஊர்ச் சிறுவர்கள் எந்தத் தயக்கமுமின்றி வாங்கிப் படித்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். பெண் விற்க மாட்டாள் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சேகரிப்பின் உச்சம் ‘ஸ்லாப்’. 2000இல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் பழைய இதழை வாங்கிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தரும். பேழையைப் பிளந்தால் மதிப்பெண் செல்லாது. அட்டையைப் பார்க்கலாம், பின்னட்டையைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது அங்கேயே இருக்கும்.

1945 முதல் 1947 வரையிலான வொண்டர் வுமன் இதழ்கள் இப்படி அடைபட்டுக் கிடப்பதை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கதாசிரியராக அச்சாகியிருப்பது சார்லஸ் மோல்டன் என்ற புனைபெயர். உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் அதற்குப் பின்னால் இருந்தவர். ஆனால் 1944இல் மார்ஸ்டன் தம் மாணவியான பத்தொன்பது வயது ஜாய் ஹம்மலை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டே போலியோ அவரைப் படுக்கையில் தள்ள, கதைகளில் பாதிச்சுமை அந்தப் பெண்ணின் தோளில் விழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட கதைகளை எழுதினார் ஹம்மல். எதிலும் பெயரில்லை. 1947இல் மார்ஸ்டன் இறந்த பிறகு விலகிவிட்டார். ஜில் லெபோர் 2014இல் எழுதிய வரலாற்று நூல் அவரை மறுபடி பேச வைத்தது, 2018இல், தொண்ணூற்று நான்கு வயதில், சான் டியாகோ காமிக்கானில் பில் ஃபிங்கர் விருது கிடைத்தது, 2021இல் மறைந்தார். பெண் சூப்பர் ஹீரோவைத் தொடர்ந்து எழுதிய முதல் பெண்ணின் எழுத்து மிகச் சுத்தமான நிலையில், மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு, யாரும் படிக்க முடியாத பேழைகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

கெல்லி தாம்ப்சன் இதற்கெல்லாம் எதிராகக் கொடி பிடித்து எழுதவில்லை. அவருடைய டயானாவுக்குத் தீவு இல்லை, தாய் இல்லை, சகோதரிகள் இல்லை. நரகத்தில் சிறைப்பட்ட சூனியக்காரி சர்சியிடம் கைக்குழந்தையாக ஒப்படைக்கப்பட்டவள். அவள் இனத்தின் பெயரான அமேசான் என்ற சொல்லையே தேவர்கள் தடைசெய்திருக்கிறார்கள். வேண்டாவெறுப்பாக வாங்கிய குழந்தைக்குச் சர்சி தாயாவதுதான் முதல் இதழ்களின் அழகு. அந்த வளர்ப்பில் டயானா சூனியம் கற்கிறாள். எலும்புக்கூடான சிறகுக் குதிரையில் ஏறுகிறாள். நரகத்தில் வந்து விழுந்த ஸ்டீவ் ட்ரெவரைப் பூமிக்கு அனுப்பத் தன் கையையே வெட்டிக் காணிக்கையாக்குகிறாள். இவ்வளவுக்கும் நடுவே இளகிய மனதை இழக்காதவள். அந்த இளக்கம் பிறப்பு வரமாக வராமல் நரகத்துக் கிழவி ஒருத்தியிடம் கற்றதாக வருவது, எண்பது ஆண்டுக் கதையில் புதுசு.

ஷெர்மனின் ஓவியம் அதற்கு ஈடு. அகன்ற தோள், கனத்த கவசம், ஆளைவிடப் பெரிய வாள். பக்கங்களில் கட்டங்களை நேர்வரிசையாக அடுக்காமல், காட்சியின் போக்குக்குத் தக்கபடி உடைத்தும் வளைத்தும் போடுகிறார். அந்த உருவத்தைத் தனியே பெயர்த்துச் சிலையாக வைக்கலாம், வைக்கவும் செய்வார்கள். ஆனால் அவளுடைய ஒரு கை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவருக்குச் சிலையிடம் பதில் இருக்காது.

முதல் இதழ்கள் சேர்ந்து ‘தி லாஸ்ட் அமேசான்’ என்ற தொகுப்பாக 2025இல் வந்துவிட்டன. படிக்க விரும்புகிறவர்கள் அதை வாங்குங்கள், இல்லையென்றால் இரவல் கேளுங்கள். ஒற்றை இதழ்களை, அதுவும் முதல் பதிப்பை, இங்கிருந்து தருவிக்க ஆகும் செலவில் ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வாங்கலாம்.