நான்கு டம்ளரும் எனக்குத்தான்

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையல் மேடையில் நான்கு கண்ணாடி டம்ளர்கள். நான்கிலும் டீ. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. செய்தித்தாளோடு உள்ளே வந்த கணவர் கேட்டார்:

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"அப்ப நாலு டீ?"

"எனக்குத்தான்."

அவர் கோபப்படவில்லை, கேலி செய்யவுமில்லை. புரியாமல் நின்றார். அந்தப் புரியாமையோடுதான் எனக்குச் சண்டை. ஒரு பெண் டீ போட்டால் அது யாருக்கோ. நான்கு டீ போட்டால் நான்கு பேருக்கு. நான்கும் தனக்கே என்று ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், வீட்டின் கணக்கு எங்கோ இடிக்கிறது.

இருபது வருடங்களாக என் நாக்கு மற்றவர்களுக்காக வேலை பார்த்திருக்கிறது. மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல், மாமியாருக்கு இஞ்சி தட்டிப் போட்டு, கணவருக்கு ஸ்ட்ராங்காக, மகனுக்குப் பால் தூக்கலாக. ஒவ்வொன்றையும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துச் சரிசெய்தது இந்த நாக்குதான். ஆனால் 'இன்னைக்கு டீ நல்லாருக்கு', 'இன்னைக்குச் சரியில்ல' என்று தீர்ப்புச் சொன்னது இந்த நாக்கு இல்லை. நம் வீடுகளில் பெண் ருசி பார்ப்பாள், ருசிப்பவர்கள் வேறு. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் நம்முடைய எத்தனையோ வருடங்கள் போயிருக்கின்றன.

என் அம்மா எல்லாருக்கும் டீ வடிகட்டிக் கொடுத்த பிறகு, வடிகட்டியில் தங்கிய சக்கையை மறுபடியும் சட்டியில் தட்டுவாள். கொஞ்சம் தண்ணீர், மிச்சமிருக்கும் பால். இன்னொரு கொதி. அதுதான் அவள் டீ. சின்ன வயதில் அதை வறுமை என்று நினைத்தேன். அப்பாவுக்கு வேலை நிரந்தரமாகி வீட்டில் பணம் புழங்கத் தொடங்கிய பிறகும் சக்கை டீ நிற்கவில்லை. வறுமை தீர்ந்துவிட்டது. பெண்ணுக்கு மிச்சம்தான் என்ற பங்கீடு தீரவில்லை.

அம்மாவுக்கு எந்த டீ பிடிக்கும்? நாற்பது வயதுவரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். மெய்ப்பாட்டியல் நடத்தும்போது சுவை, சுவை என்று வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். பெற்றவளின் சுவை எது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

அதனால் என்னிடமிருந்து ஆரம்பித்தேன்.

ஒப்பிட்டுக் குடிப்பதற்கு ஒரே விதிதான்: டீயைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதித்த தண்ணீர், ஆறு நிமிடம். சர்வதேசத் தர அமைப்பு 1980இல் வகுத்த அளவு இது. நல்ல டீ போடுவதற்கான குறிப்பு அல்ல. ஒரு டீயை இன்னொன்றோடு நியாயமாக வைத்துப் பார்ப்பதற்கான குறிப்பு. ஏலத்துக்கு வரும் டீயைக் குன்னூரிலும் கொல்கத்தாவிலும் கொழும்பிலும் சுவைத்து மதிப்பிடுபவர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்துக்கொண்டு, கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டுத் துப்புவார்கள். காற்றும் சேர்ந்து போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். அந்தச் சத்தத்துக்குச் சம்பளம் உண்டு. நெடுங்காலம் அது ஆண்களின் உத்தியோகமாகவே இருந்தது. அதே சத்தத்துக்கு எனக்குக் கிடைத்தது தலையில் ஒரு குட்டு: "பொம்பளப்பிள்ள இப்படியா உறிஞ்சும்?"

இப்போது உறிஞ்சுகிறேன், தெருவுக்குக் கேட்கும்படி.

முதல் டம்ளரில் தெருமுனைக் கடையில் வாங்கிய தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்திலிருந்து வருவது. சலிக்கும்போது கிடைக்கும் மிகச் சிறிய துகளுக்கு 'டஸ்ட்' என்று பெயர். குப்பை என்று அர்த்தமில்லை. அளவின் பெயர் அது. சட்டென்று சாயம் இறங்கும். பால் இல்லாமல் குடித்தால் ஈறுவரை துவர்க்கும். பாலுக்கென்றே செய்த டீ. இரண்டாவதில், நீலகிரியில் குளிர்காலத்தில் பறித்த முழு இலை. குளிரில் செடி மெதுவாக வளர்வதால் மணம் கூடும். ஏதோ பூவின் வாசனை, எந்தப் பூ என்று பிடிபடாமல் போய்க்கொண்டே இருக்கும். நீலகிரி டீக்கு இன்னொரு பேரும் உண்டு: ஆறினாலும் கலங்காது. போட்ட டீயை ஆறவிட்டே குடிக்கும் நம் பெண்களுக்கென்றே விளைந்ததோ என்னவோ. மூன்றாவது, டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு, பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல்வரை பறிக்கும் கொழுந்து. வெளிறிய தங்க நிறம். நான்காவது, ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவிலிருந்து ஒரு தோழி கொண்டுவந்தது. லேசான சாயம், நுனி நாக்கில் ஒரு கூர்மை.

முதல் சில வாரங்கள் எனக்கு டார்ஜிலிங்தான் மிகவும் பிடித்தது. பிறகு டம்ளர்களின் அடியில் பெயரை ஒட்டி, தூளை ஒதுக்கிவிட்டு மூன்று இலைகளையும் இடம் மாற்றி வைத்துக் குடித்தேன். நீலகிரி முதலில் வந்தது. மூன்றிலும் விலை கூடிய டார்ஜிலிங் மூன்றாவதாக வந்தது. பிடிக்க வேண்டும் என்று பாக்கெட் சொன்னதைத்தான் அத்தனை நாளும் என் நாக்கு பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லும்படி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சேலையை, மாப்பிள்ளையை, படிப்பை, ஊரை. 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்ற வாக்கியத்தை எங்காவது ஒரு இடத்தில் பழகித்தான் ஆக வேண்டும். டீயில் பழகினால் யாருக்கும் நஷ்டமில்லை.

கவிஞர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. என் சாதிசனம் அது. நம் நவீன கவிதையில் எத்தனை கோப்பைத் தேநீர்! ஜன்னல், மழை, தனிமை, ஆறிக்கொண்டிருக்கும் தேநீர். வீட்டில் 'டீ' என்று கேட்கும் கவிஞர் காகிதத்தில் 'தேநீர்' என்று எழுதுகிறார். அந்தக் கோப்பை மேசைக்கு எப்படி வந்தது என்று கவிதைக்குத் தெரியாது. அது தானாக முளைத்திருக்கிறது. ஆறிப்போன தேநீர் அவருக்குப் படிமம். அதைப் போட்டவளுக்கு அது தினசரி: குக்கர் விசில், பள்ளி வேன், மாத்திரை டப்பா, பிறகு ஏடு படிந்த டம்ளர். என் வகுப்பில் இத்தகைய கவிதைகளை இப்போது ஒரு கேள்வியோடுதான் நடத்துகிறேன்: டீ போட்டது யார்? மாணவிகள் சிரிக்கிறார்கள். மாணவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கிறார்கள்.

இரண்டு பக்கமிருந்தும் எனக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஒன்று, இடதுசாரித் தோழர்களிடமிருந்து: இது மேட்டிமை ரசனை, நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு. இன்னொன்று எதிர்ப்புப் போலவே தெரியாது; சந்தையின் அரவணைப்பு அது. கிரீன் டீ குடியுங்கள், இடை குறையும், சருமம் மின்னும், இது உங்களுக்கான நேரம். இரண்டு தரப்பும் ஓர் இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன: ஒரு பெண் வெறுமனே பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைக் குடிக்கக் கூடாது. ஒன்று புரட்சி வர வேண்டும், இல்லையென்றால் இடுப்பு குறைய வேண்டும்.

தோழர்களுக்கு முதலில் கணக்கு. கிராம் ஐந்து ரூபாய் விலையுள்ள இலையாக இருந்தாலும் 2 கிராமுக்குப் பத்து ரூபாய்தான். நீங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கும் ஒரு டீயின் விலையைத் தாண்டாது. அந்த பெஞ்சில் உங்களுக்கு லைட், ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி என்று ஆளுக்கொரு டீ கேட்க உரிமை உண்டு; அதற்கு யாரும் மேட்டிமை என்று பெயர் வைக்கவில்லை. அதே டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த ஊர்கள் நம்முடையவை. யார் எதில், எங்கே நின்று, எந்த டீயைக் குடிப்பது என்பது இந்த மண்ணில் ஒருநாளும் வெறும் ருசியாக இருந்ததில்லை.

அடுத்து, நீங்கள் சொல்ல மறந்ததை நானே சொல்கிறேன். இந்த நான்கு டம்ளர்களுக்குள்ளும் பெண்களின் விரல்கள் இருக்கின்றன. இரண்டு இலை, ஒரு கொழுந்து. முற்றலையும் இளசையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனியால் பிரிப்பவள்தான் டீயின் முதல் மதிப்பீட்டாளர். கோத்தகிரியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன்: "நீங்க பறிக்கிற டீ எப்படிக்கா இருக்கும்?" அவர் சொன்னார்: "பச்சையா மென்னு பாத்திருக்கேன். பாக்கெட்ல வந்ததைக் குடிச்சதில்ல. எங்களுக்குத் தூள்தான்."

நான் திருநெல்வேலிக்காரி. 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. நான் அப்போது கல்லூரி மாணவி. எங்கள் வீட்டில் டீ கொதிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரில்தான்.

இலங்கை மலையகத்தில், அன்றைக்கு நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் பாதிக் கூலி. அதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். நாள் முழுக்கச் சரிவில் நின்றவள் சாயங்காலம் அரை ஆளாகிறாள். அந்த மக்களின் நிலைமையை மீனாட்சியம்மாள் நடேசய்யர் 1940இல் பாட்டுப் புத்தகமாக வெளியிட்டார். கூட்டங்களில் தானே பாடினார். நான் படித்த எந்த இலக்கிய வரலாற்றுப் பாடநூலிலும் அவர் பெயர் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தோட்டத் தொழிலாளர்கள் ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்ட 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்த பெண்கள்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நிறம், மணம், ருசி, விலை என்று நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். பிறகு ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்: பறித்தது யார், என்ன கூலி. அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. மலை எத்தனை அடி உயரம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறார்கள். பறித்தவளின் கூலியை அச்சடிக்கவில்லை. ரசிப்பதை விட்டுவிடு என்று அந்தக் காலிக் கட்டம் என்னிடம் சொல்வதில்லை. ரசிக்கிறவள் கேட்காமல் வேறு யார் கேட்பது என்றுதான் சொல்கிறது. விளம்பரம் சொல்லும் 'உங்களுக்கான நேர'த்தில் இந்தக் கட்டத்துக்கு இடமில்லை. அதனால்தான் அந்த நேரம் எனக்கு வேண்டாம்.

போன தை மாதம் அம்மா வந்திருந்தாள். நான்கு டம்ளர்களையும் அவள் முன்னால் வைத்தேன்.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? உனக்கு எது பிடிச்சிருக்கோ அதையே குடு."

"உனக்கு எது பிடிச்சிருக்குன்னு சொல்லு."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குடித்தாள். நீலகிரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. நுவரெலியாவுக்கு முகத்தைச் சுளித்தாள். டார்ஜிலிங்கை ஒரு வாயோடு நகர்த்தி வைத்தாள்.

"இது எனக்கு வேண்டாம்."

அம்மா வாயிலிருந்து இந்த வாக்கியத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தூள் டம்ளரைத் தொட்டுக் காட்டினாள். "இதுல பால் ஊத்தி, நல்லா கொதிக்க வச்சு, ஒரு ஏலக்கா தட்டிப் போடு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "மொதத் தண்ணில போடுட்டி."

எழுபத்து மூன்று வயதில் என் அம்மா கேட்டது டார்ஜிலிங் இல்லை. முதல் தண்ணீர். இதை மேட்டிமை ரசனை என்று சொல்லத் துணிபவர்கள் அவள் முன்னால் வந்து சொல்லட்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேளுங்கள்: உனக்கு எப்படி டீ பிடிக்கும்? எதுன்னாலும் சரி என்பார். விடாதீர்கள். இரண்டு விதமாகப் போட்டுக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். உட்காரவைத்து, சூடாக இருக்கும்போதே கொடுங்கள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நீங்கள் எழுந்து போங்கள், அவரை எழவிடாதீர்கள். அண்ணன் தம்பி இருந்தால் அடுத்த நாள் அவன் முறை.

சக்கையைக் கொண்டுபோய் ரோஜாச் செடிக்குப் போடுங்கள்.