இன்னா மீன்?

சென்ற மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், கவிஞர், என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கினார். தறியைப் பற்றி எழுதுகிறவன் குடும்பத்தோடு கடற்கரைச் சாலைப் பெரிய ஹோட்டலில் போய் உட்கார்ந்து மீன் தின்கிறான். இது மத்தியதர வர்க்கச் சபலம். இதிலிருந்து எழுத்து பிறக்காது. தின்றது வாஸ்தவம். ஆனால் அங்கே நான் வெட்கப்பட்டது சபலத்துக்காக அல்ல. வேறொன்றுக்காக. அதில் நண்பருக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபது. தம்பி மகனுக்கு ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலை வேலை. ஆயாவுக்கு அவன் செலவில் விருந்து. காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோபுரமும் கோயில் இட்லியும் மட்டுமே ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஓரிக்கையில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓயும், மீன் குழம்பு கொதிக்கும். ஏரிக் கெண்டை, விரால். பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஆற்று மீன். எதுவும் இல்லாவிட்டால் கருவாடு.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மாமல்லபுரத்துக்குச் சற்று இந்தப் பக்கம் ஹோட்டல். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல். ஜூன் முதல் வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஆனால் ஃபைபர் படகுகள் போய்வந்துகொண்டுதான் இருந்தன. பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் மணலில் நெத்திலியும் காரப்பொடியும் கூறு கட்டி வைத்திருந்தது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. மெனுவில் அவை இல்லை. மெனுவில் இருந்தது 'ஃபிஷ்'. எலுமிச்சை வெண்ணெயில் ஃபிஷ், தணலில் ஃபிஷ், ஏதோ ஸாஸில் ஃபிஷ்.

வந்தது வெள்ளையாக ஒரு துண்டு. தலையில்லை, தோலில்லை, முள்ளில்லை. அம்மா கரண்டியால் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னா மீன் தம்பி இது?"

"ஃபிஷ் ஃபில்லெட்மா."

"அதான், இன்னா மீனு?"

"ஆயா, சும்மா சாப்பிடு" என்றான் பேரன். அந்தப் பையன் பாவம், உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னான்: பாசா. பாசா வியத்நாமின் மெகாங் ஆற்றுக் கெளுத்தி வகை. ஆந்திரக் குளங்களிலும் இப்போது வளர்க்கிறார்கள். கடலைப் பார்க்க உட்கார்ந்து, கடலைப் பார்த்தேயிராத மீனைத் தின்றோம். (இறால் மட்டும் என்ன, வனாமி. 2009இல் இங்கே வளர்க்க அனுமதி பெற்ற, மெக்சிகோ பக்கத்துப் பசிபிக் கரைப் பிராணி.)

அம்மா புரட்டிப் பார்த்த விதம் எனக்குத் தெரியும். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள். அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியவள் அவள். யார் புடவை கொண்டுவந்தாலும் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவி, கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லிவிடுவாள். நானோ மெனு அட்டையின் கனத்தில் மயங்கியிருந்தேன். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் வெட்கப்பட்டது இதற்குத்தான்.

இனி நண்பரின் பங்கு. அவருடைய சமீபத்திய தொகுதியில் பதினோரு இடங்களில் மீன் வருகிறது. தொட்டியில், கனவில், காதலியின் கண்ணில், மௌனத்தின் ஆழத்தில். ஓரிடத்திலும் அது என்ன மீன் என்று இல்லை. எல்லாம் ஃபில்லெட். மேலே ஊற்றிய இருத்தலியல் ஸாஸில் ருசி இருக்கலாம், மறுக்கவில்லை. மீன் எங்கே?

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டை நண்பர் கூட்டம்தோறும் உதாரணம் காட்டுகிறவர். களவில் கூடியபோது சாட்சியாக அங்கிருந்தது ஒரு குருகு மட்டும். அது பார்த்துக்கொண்டிருந்தது 'மீனை' அல்ல, ஆரலை. ஒழுகும் நீரில் பாம்புபோல் வழுக்கிப் போகும் ஆரல். அதைப் பிடிக்க நிற்கிற குருகுக்கு வேறெதையும் பார்க்க அவகாசமேது? ஆரலை எடுத்துவிட்டு 'மீன்' என்று வைத்தால் சாட்சியின் கவனமின்மை போகிறது. அவளுடைய நிராதரவு பாதியாகிறது. பெயர் அங்கே அலங்காரம் இல்லை.

பெயர்ப் பட்டியல் கவிதையாகிவிடுமா என்று கேட்பார். ஆகாது. ஆகுமென்றால் காசிமேட்டு ஏலக்காரர்தான் மகாகவி. பெயர் தெரிந்தும் ஒதுக்குவது ஒன்று. பெயரே தெரியாமல் ஒதுக்கியதாகப் பாவனை செய்வது வேறு. இரண்டாவதற்கு நாம் 'படிமம்' என்று பெயர் வைத்து நாற்பது வருஷமாக விநியோகிக்கிறோம். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ ராஜா கணிகண்ணனை நாடு கடத்த, திருமழிசையாழ்வார் கூடப் போக, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய், ஓர் இரவு இருந்த இடம் ஓரிருக்கை, ஓரிக்கை. நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். பெயரைத் தட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது.

திரும்பும்போது அம்மா காரை நிறுத்தச் சொல்லி அந்த மணலில் இறங்கிக் காரப்பொடி இரண்டு கூறு வாங்கினாள். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். ராத்திரிக் குழம்பில் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டவனும் அவன்தான்.

நண்பருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்: தொகுதியில் 34ஆம் பக்கம், காலத்தின் கரையில் துடித்துக்கொண்டிருப்பது இன்னா மீன்? இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் இல்லை.