சாப்பிட்ட பிறகு யார் துணை?

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு உணவும் ஆற்றலும் பற்றிப் பாடம் நடத்தினேன். நிலக்கடலையை எரித்து, அந்த வெப்பத்தில் நீர் எத்தனை டிகிரி சூடாகிறது என்று அளக்கும் சோதனை எல்லா ஆண்டும் மாணவர்களுக்குப் பிடிக்கும். அதையொட்டி ஒரு வீட்டுப்பாடமும் தந்தேன். ஒரு வாரம் சாப்பிட்ட அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோகலோரி என்று கணக்கிட வேண்டும்.

ஒரு மாணவியின் ஏடு மிக நேர்த்தியாக இருந்தது. அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள். குழம்பைக்கூடக் கரண்டிக் கணக்கில் எழுதியிருந்தார். வகுப்பில் எல்லாரிடமும் அதைக் காட்டிப் பாராட்டினேன். திங்கள் முதல் ஞாயிறு வரை கூட்டுத்தொகை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. கணக்கு சரியா என்று மட்டுமே பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய தாயார் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், சாப்பிட்டுட்டேன்னுதான் சொல்றா. துணி துவைக்க எடுத்தா பாக்கெட்டுல சோறு இருக்கு" என்றார். பாடம் முடிந்த பிறகும் அந்த மாணவி ஏட்டை நிறுத்தவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அனோரெக்ஸியா நெர்வோசா என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். என் வீட்டுப்பாடம்தான் நோயை உண்டாக்கியது என்று அறிவியல் சொல்லாது. ஆனால் நோயின் கையில் ஒரு கருவியைக் கொடுத்தவள் நான்தான்.

அவர் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டே இதை எழுதுகிறேன். அண்மையில் சந்தித்தபோது அவர் சொன்ன ஒன்று இந்தக் கட்டுரைக்குக் காரணம். "எல்லாரும் என்னைச் சாப்பிடத்தான் சொன்னாங்க டீச்சர். சாப்பிட்ட பிறகு வர்ற பயத்தை என்ன செய்யறதுன்னு ஒரு அக்காதான் சொல்லிக்கொடுத்தாங்க."

அந்த அக்கா மருத்துவரோ தாதியோ அல்லர். அதே நோயிலிருந்து மீண்டவர். தெரிந்தவர்கள் வழியாகத் தற்செயலாகக் கிடைத்த துணை. இத்தகைய துணை தற்செயலாகக் கிடைப்பதாக இருக்கக்கூடாது. உண்ணுதல் கோளாறுகளுக்கான சிகிச்சைக் குழுவில் பயிற்சியும் ஊதியமும் பெறும் ஒரு பணியாக அது இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

பட்டினி மனத்தையும் மாற்றும்

"பிடிவாதம்", "அழகு மோகம்", "கைப்பேசியால் வந்த வினை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1944ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கிய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. போரில் சண்டையிட மறுத்த, உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பங்கேற்றனர். ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களுக்குக் குறைந்த உணவே தரப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசியை இழந்தார்கள்.

எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். மனத்தில் நடந்ததுதான் வியப்பு. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு தட்டு உணவைச் சிறு சிறு துண்டாக்கி நெடுநேரம் உண்டார்கள். நண்பர்களிடமிருந்து விலகினார்கள், எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்ததில்லை. பட்டினியே அவர்களை அப்படி ஆக்கியது. உணவு மீண்டும் கிடைத்த பிறகும் பலருக்குப் பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் ஆயின.

உண்ணுதல் கோளாறுக்கு இதற்கு மேலும் காரணங்கள் உண்டு. 2019ல் ஏறத்தாழ 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு, நோயுடன் தொடர்புடைய எட்டு இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டறிந்தது. மனநோய்களுக்கு மட்டுமன்றி, உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும் இதில் தொடர்பு இருப்பதை அது காட்டியது. விளைவும் சிறியதன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011ல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, அனோரெக்ஸியா உள்ளவர்களின் இறப்பு விகிதம், அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

எடை திரும்பும், எண்ணம் திரும்பாது

ஆகவே முதல் சிகிச்சை உணவுதான். அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். இங்கே மருத்துவரின் இடத்தை யாரும் நிரப்ப முடியாது. சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும், இளையருக்கு கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் இதற்கான சிகிச்சை உண்டு. பதின்ம வயதினருக்குப் பெற்றோரையே சிகிச்சையின் மையமாக்கும் குடும்பச் சிகிச்சை முறைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

ஆனால் எடை திரும்பும் வேகத்தில் எண்ணம் திரும்புவதில்லை. பார்க்கிறவர்கள் "நல்லா தேறிட்டே" என்பார்கள். கேட்கும் பிள்ளைக்கோ அந்தச் சொல்லே "குண்டாகிவிட்டாய்" என்று ஒலிக்கும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் ஓராண்டில்தான் நோய் மறுபடியும் தலைதூக்கும் ஆபத்து அதிகம். மருத்துவரைச் சந்திப்பது சில வாரங்களுக்கு ஒருமுறை. சாப்பாடோ ஒரு நாளைக்கு மூன்று முறை. இடைப்பட்ட வேளைகளில் பக்கத்தில் யார் இருப்பது?

சக ஆதரவாளர் என்ன செய்வார்?

குணமடைந்தவரே குணமடைகிறவருக்குத் துணையாவது புதிய எண்ணமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸேன் என்ற மேற்பார்வையாளர், நலம் பெற்ற நோயாளிகளையே பணியாளர்களாக அமர்த்தினார். அவர்கள் நோயாளிகளைக் கனிவாக நடத்தினார்கள் என்று மருத்துவர் பிலிப் பினேல் பாராட்டினார். சிங்கப்பூரிலும் 2016ல் தேசிய சமூக சேவை மன்றமும் மனநலக் கழகமும் இணைந்து, மனநோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சக ஆதரவாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. அதாவது, அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது.

உண்ணுதல் கோளாற்றில் இந்தப் பணி மிகவும் நடைமுறை சார்ந்தது. உணவங்காடி நிலையத்தில் கூட உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவது. சாப்பிட்ட பிறகு குற்றவுணர்வு உச்சத்தில் இருக்கும் அந்த அரைமணி நேரம் பேச்சுத் துணையாக இருப்பது. பழைய உடைகள் சேராதபோது புதிய உடை வாங்கக் கூடப் போவது. "இந்த நோய் உனக்கு என்ன கொடுத்தது? என்னென்ன எடுத்துக்கொண்டது?" என்று கேட்பது. இந்தக் கேள்வியை மருத்துவரும் கேட்கலாம்தான். ஆனால் விடையைத் தன் வாழ்க்கையில் கண்டவர் கேட்கும்போது மறைக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நம் பள்ளிகளில் சக மாணவர் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன. நண்பர் சோர்ந்திருப்பதைக் கவனித்து ஆசிரியரிடம் சொல்லும் அந்தப் பிள்ளைகள் செய்வது நல்ல பணி. ஆனால் நான் சொல்லும் பணி அதுவன்று. 15 வயதுப் பிள்ளையின் தோளில் இந்த நோயை ஏற்றக்கூடாது.

அச்சங்கள் நியாயமானவை

இந்தக் கருத்தைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டும் புறந்தள்ளக்கூடியவை அல்ல.

முதலாவது: இந்த நோய்க்கு ஒப்பிடும் குணம் உண்டு. "அவர் என்னைவிட மெலிந்திருந்தாரா?" என்று நோயாளி கணக்குப் போடத் தொடங்கினால் துணையே தூண்டுதலாகிவிடும். ஆதரவாளரும் பழைய பள்ளத்தில் விழக்கூடும். உண்மைதான். அதனால்தான் விதிகள் வேண்டும். நீண்ட காலம் நிலையாக நலமுடன் இருந்தவரே இப்பணிக்கு வர வேண்டும். எடை, கலோரி, பழைய படம், உணவைத் தவிர்த்த உத்தி ஆகியவற்றைப் பற்றி அவர் பேசவே கூடாது. உணவுத் திட்டம் தருவது உணவியலாளரின் வேலை. உயிருக்கு ஆபத்தான எதையும் இரகசியமாக வைத்துக்கொள்ளாமல் சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும். ஆதரவாளருக்கும் முறையான மேற்பார்வையும், தேவைப்படும்போது விலகி ஓய்வெடுக்கும் உரிமையும் இருக்க வேண்டும். என் மாணவிக்குக் கிடைத்த அக்காவுக்கு இப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. இருவரும் தப்பித்தது நல்வாய்ப்பு. நல்வாய்ப்பை நம்பி ஒரு சேவையை நடத்த முடியாது.

இரண்டாவது: ஆதாரம் எங்கே? அறிவியல் ஆசிரியர்களிடம் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் கவலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த ஒரு முன்னோடித் திட்டத்தின் முடிவுகள் 2019ல் வெளியாயின. நலம் பெற்ற ஒருவரும் நலம் பெற்றுவரும் ஒருவரும் இணையாகி, 13 முறை சந்தித்தார்கள். நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. ஆனால் அது சிறிய ஆய்வு. ஒப்பீட்டுக் குழு இல்லை. என் மாணவர் ஒருவர் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் முடிவெழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். இங்கும் அதே அளவுகோல்தான். ஆகவே பெரிய அளவில் ஒரேயடியாகத் தொடங்கும்படி நான் கேட்கவில்லை. ஒரு மருத்துவமனையில் தொடங்கி, துணை பெற்றவர்களையும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும்.

இன்னொரு அச்சம் என்னுடையது. மருத்துவர், மனநல நிபுணர் பற்றாக்குறையை நிரப்பும் மலிவான வழியாக இது மாறிவிடக்கூடாது. சக ஆதரவாளர் கூடுதலாக வர வேண்டியவர். யாருக்கும் பதிலாக வர வேண்டியவர் அல்லர்.

நம் வீட்டு மேசையில்

உண்ணுதல் கோளாறு மற்ற இனத்தவரின் நோய், நம் பிள்ளைகளுக்கு வராது என்ற நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. நம் வீடுகளில் அது எளிதாக ஒளிந்துகொள்கிறது என்பதே என் அனுபவம். "இன்று விரதம்" என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை, பாராட்டவே செய்கிறோம். திடீரெனச் சைவத்துக்கு மாறினால் பக்தி என்கிறோம். அதே வேளையில் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினர் முதல் வார்த்தையாகப் பிள்ளையின் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார். அடுத்த நிமிடம் தட்டில் முறுக்கை அடுக்குகிறார். விரதமும் பலகாரமும் குற்றமல்ல. ஆனால் பிள்ளை எதை மறைக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தப் பழக்கங்களை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வேண்டும்.

அந்தத் தாயாரிடம் எல்லாரும் கனிவாகத்தான் பேசினார்கள். ஆனால் "பாட்டி ஊட்டிவிட வந்தால் என்ன செய்வது?", "கல்யாண வீட்டில் இலை போட்டால் எழுந்து போகிறாளே?" என்ற கேள்விகளை அவர் தமிழில்தான் கேட்க முடிந்தது. விடை சொன்னது அந்த அக்காதான். "பாட்டி, உங்க பேத்திக்குப் பசி தெரியலைன்னு நினைக்காதீங்க. பசிக்குப் பயந்துபோயிருக்கா" என்று அவர் சொன்ன பிறகுதான் வீட்டில் அதட்டல் நின்றதாம். பயிற்சி பெறும் சக ஆதரவாளர்களில் தமிழும் மலாயும் சீனமும் பேசுவோர் இருக்க வேண்டும். மீண்டு வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் மற்றப் பெற்றோருக்குத் துணையாகும் பயிற்சி தரலாம்.

பள்ளிகளுக்கும் ஒரு பாடம் உண்டு. 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் எடை மிகுந்த மாணவர்களுக்கென டாஃப் என்ற உடற்பயிற்சித் திட்டம் இருந்தது. அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் "குண்டு" என்று பொருள்படும். பிள்ளைகள் அப்படித்தான் படித்தார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பிள்ளையைக் காணத் தவறிவிடுவோம். என் வகுப்பில் நான் செய்ததும் அதுதான்.

இப்போது அந்த வீட்டுப்பாடத்தை மாற்றிவிட்டேன். கற்பனையான ஓர் ஓட்டப்பந்தய வீரரின் ஒருநாள் உணவுப் பட்டியலைத் தருகிறேன். அவருடைய இதயத்துக்கும் மூளைக்கும் தசைக்கும் ஆற்றல் போதுமா என்று மாணவர்கள் கணக்கிடுகிறார்கள். சொந்தத் தட்டை யாரும் எண்ண வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரியும் குறையவில்லை.

விடைபெறும்போது என் முன்னாள் மாணவி, தானும் ஒருநாள் யாருக்காவது அக்காவாக இருக்க விரும்புவதாகச் சொன்னார். "இன்னும் சில வருஷம் நல்லா இருந்துட்டு, அப்புறம்" என்றும் சேர்த்துக்கொண்டார். விதி எதுவும் இல்லாமலே அவருக்கு அந்தப் பொறுப்பு தெரிந்திருக்கிறது. அந்தச் சில வருடங்களுக்குள் அவருக்கான பயிற்சியையும் மேற்பார்வையையும் சம்பளத்துடன் ஒரு பணியிடத்தையும் உருவாக்கி வைப்பது நம் பொறுப்பு.