படத்துக்குள் அடைபட்ட தமிழ்

ஆடி பிறந்தால் நம் விளம்பரத் தொழிலில் போஸ்டர் வேலை குவிந்துவிடும். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று வரிசையாகக் கேட்பார்கள். தள்ளுபடி எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை, எந்தக் கிளை, எந்த எண்ணுக்கு அழைப்பது என எல்லாம் அந்தச் சதுரப் படத்துக்குள் நல்ல தமிழில் இருக்கும். படத்துக்குக் கீழே பதிவில் பார்த்தால் இரண்டு எமோஜி, ஒரு வரிசை ஹேஷ்டேக், அதுவும் ஆங்கிலத்தில். கடைக்காரர் காசு கொடுத்து எழுதி வாங்கிய வாசகம் எழுத்தாக எங்குமே இல்லை.

இதன் விளைவை நாம் சரியாக எடை போடவில்லை என்பது என் கருத்து. திருநெல்வேலியில் ஒருவர் ‘பட்டுப்புடவை தள்ளுபடி’ என்று தமிழில் தேடும்போது அந்தக் கடை தேடலில் வர வழியே இல்லை. பார்வையற்ற ஒருவரின் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் தமிழை நன்றாகவே வாசிக்கும்; நம் பதிவுக்கு வந்ததும் இங்கே ஒரு படம் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குச் சொல்லப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. முகவரியை எடுத்து வரைபடத்தில் ஒட்ட முடியாது. 300 குறிகள் கொண்ட ஒரு தமிழ் வாசகம் யூ.டி.எஃப்-8 முறையில் 900 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதையே படமாக்கி, பல நூறு கிலோபைட்டாக, டேட்டா தீரும் நேரத்தில் பார்ப்பவரிடம் அனுப்புகிறோம்.

இப்போது படத்தில் உள்ள எழுத்தை இயந்திரமே படித்துவிடுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். கூகுள் லென்ஸ் தமிழைப் படிக்கிறது, உண்மை. ஆனால் அது பயன்படுத்துபவர் முனைந்து கேட்கும்போது நடப்பது. தலைப்பு போன்ற முக்கியமான எழுத்துகளைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்று கூகுளின் சொந்த வழிகாட்டியே இணையதளம் நடத்துவோருக்குச் சொல்கிறது. வளைந்து நெளிந்த அலங்கார எழுத்து, அதற்குப் பின்னால் பட்டாசு வெடிக்கும் பின்னணி, அதன் மேல் தங்க நிழல் என்றால் இயந்திரம் ‘ள’வையும் ‘ன’வையும் எப்படிப் பிரிக்கும்?

இந்தப் பழக்கத்துக்குச் சோம்பல் காரணம் என்று சொல்வது நம் வடிவமைப்பாளர்களுக்குச் செய்யும் அநியாயம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு கணினிக்கும் வந்துவிட்டது. ஆனால் அச்சுக்கூடமும் ஃபிளெக்ஸ் கடையும் அந்தப் பக்கம் திரும்ப நெடுங்காலம் ஆனது. பேஜ்மேக்கரிலும் பழைய ஃபோட்டோஷாப்பிலும் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அந்தத் தொல்லை கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை அவை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. வேறு இடத்தில் ஒட்டினால் அதுதான் வெளியே வரும். ஆகவே வெளியே கொண்டுபோக ஒரே வழி, படமாக்கிவிடுவது.

அதோடு, தலைப்புக்கு ஏற்ற அழகான எழுத்துகள் அந்தப் பழைய தொகுப்புகளில்தான் ஏராளமாக இருந்தன. யூனிகோடில் தேடினால் புத்தக எழுத்து மட்டுமே கிடைத்த காலம் அது. கல்யாணப் பத்திரிகைக்கும் கடைத் திறப்பு விழாவுக்கும் லதாவை வைத்து என்ன செய்வது என்று கேட்ட வடிவமைப்பாளரின் கேள்வியில் நியாயம் இருந்தது.

இன்று அந்த நியாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கூகுள் ஃபான்ட்ஸில் காட்டமரான், முக்தா மலர், பாலு தம்பி, ஹிந்த் மதுரை எனப் பலவகைத் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசும் 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மிச்சமிருப்பது பழகிய கை. இருபது ஆண்டுகள் ஒரு விசைப்பலகையில் ஓடிய விரல்களை மாற்றுவது லேசான காரியம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாற்றத்துக்கான சில வாரங்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் நிறுவன முதலாளிகள். அதை வடிவமைப்பாளரின் தலையில் கட்டக்கூடாது.

கடைத் தள்ளுபடியோடு இது நின்றிருந்தால் வியாபார நஷ்டம் என்று விட்டுவிடலாம். மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளி விடுமுறை அறிவிப்பு, ஏரி திறப்பு எச்சரிக்கை, நிவாரண முகாம் பட்டியல், உதவி எண்கள் யாவும் வாட்ஸ்அப்பில் படங்களாகவே சுற்றுகின்றன. படத்தில் தேதி சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. போன ஆண்டு புயலுக்கு விட்ட விடுமுறை இந்த ஆண்டும் வலம் வரும். வாசகத்தை எடுத்துத் தேடிப் பார்த்து, இது பழையது என்று வீட்டில் ஒருவர் உறுதிசெய்ய எளிய வழியில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவர் படத்தில் உள்ள பத்து இலக்க எண்ணை மனப்பாடம் செய்து அழைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படங்களில் பலவற்றை, நல்லெண்ணத்தோடு, நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் செய்து கொடுக்கிறார்கள்.

நிலைத்து நிற்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். குறியாக்கங்கள் மாறின, டிஸ்கி வந்தது, பிறகு யூனிகோடு வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த நூல்கள் புதிய குறியாக்கத்துக்கு மாற்றப்பட்டன, ஏனென்றால் அவை எழுத்தாக இருந்தன. இன்றும் அவற்றில் ஒரு சொல்லைத் தேடி எடுக்கலாம். போன வாரம் நாம் போட்ட போஸ்டரில் அது முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளில் இது பழைய பாடம். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 என்ற இணைய அணுகல் வழிகாட்டி வெளிவந்தது 2008-இல். படமாக்கப்பட்ட எழுத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற 1.4.5-ஆம் விதி அதிலேயே இருக்கிறது. லோகோ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு வங்கிகளும் பிறரும் கேட்கும் கே.ஒய்.சி. நடைமுறை பற்றியது. ஆனாலும், அரசுத் துறைகளுக்கும் வங்கிகளுக்கும் வேலை செய்யும் முகமைகள் அந்தத் தீர்ப்பைத் தமிழாக்கியாவது தம் குழுவுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை. போஸ்டரில் உள்ள வாசகம் முழுவதும் பதிவிலும் தமிழில் வரட்டும். இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும் படத்துக்கான மாற்றுரை (ஆல்ட் டெக்ஸ்ட்) எழுத இடம் இருக்கிறது. அதில் ‘ஆடி ஆஃபர் போஸ்டர்’ என்று எழுதாமல், போஸ்டர் சொல்வதை எழுதுங்கள். இணையதளத்தின் முகப்பில் பின்னணிப் படம் தனியாக, வாசகம் அதன் மேல் உண்மையான எழுத்தாக. எண் என்றால் தொட்டதும் அழைப்பு போகும் இணைப்பு. வாடிக்கையாளர் அனுப்பும் வாசகம் பழைய எழுத்துருவில் இருந்தால், வடிவமைப்பு தொடங்கும் முன்பே என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு மாற்றி, ஒருமுறை பிழை பார்த்துவிடுங்கள். மாற்றிகள் ஒற்றெழுத்திலும் மேற்கோள் குறியிலும் தடுமாறும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் நம் விலைப்பட்டியலில் இருக்கிறது. மாதத்துக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ் என்று பேசி ஒப்பந்தம் போடுகிறோம். எழுத்துக்கு அதில் தனிவரி இல்லை. ஆகவே எழுதுபவருக்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை. தமிழ் வாசகத்தை எழுதி, பிழை திருத்தி, மாற்றுரையோடு வெளியிடும் வேலைக்குத் தனியாக ஒரு தொகையைப் பட்டியலில் சேருங்கள். முதலில் பேரம் பேசுவார்கள். தமிழில் தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கூகுள் சர்ச் கன்சோலில் மூன்று மாதம் கழித்து எடுத்துக் காட்டினால், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் அந்த வரியைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.

எங்கள் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து மின்பதிப்புக்கு வரும் விளம்பரங்களோடு அவற்றின் முழு வாசகத்தையும் யூனிகோடு தமிழில் தனிக் கோப்பாகக் கேட்கப்போகிறோம். அது இல்லாத விளம்பரத்தை வெளியிட மாட்டோம். மாற்றித் தர ஆள் இல்லாத சிறு முகமைகளுக்கு எங்கள் பிழைதிருத்துநர்கள் கட்டணமில்லாமல் செய்து தருவார்கள். இதழ் முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக அனுப்பினால் போதும்.