குத்துச்சண்டை வீரருக்கு உச்சம் எந்த வயதில்?

குத்துச்சண்டை வீரர் ஒருவர் தம் ஆற்றலின் உச்சியை எந்த வயதில் எட்டுகிறார்? இந்தக் கேள்விக்கு விளையாட்டு ரசிகர்களிடம் ஆயத்தமான விடை ஒன்று உண்டு. எடை குறைந்த பிரிவினர் இளமையிலேயே உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கிவிடுவர். கனத்த பிரிவினர் தாமதமாக ஏறி நெடுநாள் நிற்பர் என்பதே அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். ஏனெனில், "உச்சம் போய்விடும், அதற்குள் ஒரு பதக்கம் வாங்கிவிட வேண்டும்" என்ற அவசரத்தில், கீழ்ப் பிரிவில் நுழைவதற்காகப் பட்டினி கிடக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரையே நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் கால் பங்கு பெரிதாக்குங்கள். அதாவது ஒவ்வோர் அளவும் 1.25 மடங்கு ஆகிறது. தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது 1.25-இன் வர்க்கம், ஏறக்குறைய 1.56 மடங்கு. ஆனால் நிறையோ கன அளவைப் பொறுத்தது, 1.95 மடங்கு, அதாவது 98 கிலோ. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும் அல்லவா? பெரியவரின் முடுக்கம் சிறியவருடையதில் 0.8 பங்குதான்.

அப்படியானால் பெரியவரின் குத்து மெதுவாகத்தான் வந்து விழுமா? அவசரப்படாதீர்கள். அவருடைய கையும் நீளம்; குத்து பயணம் செய்யும் தூரம் 1.25 மடங்கு. முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கினால் 0.8 × 1.25 = 1. ஆகவே இலக்கைத் தொடும்போது இருவர் முஷ்டிக்கும் வேகம் ஒன்றே! வேறுபடுவது இரண்டு. பெரியவரின் குத்தில் உந்தம் இரு மடங்கு. ஆனால் அது வந்து சேர எடுக்கும் நேரமும் கால் பங்கு அதிகம்.

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் வந்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பேரருவியின் ஓரத்தில் மெல்லிதாக விழும் தண்ணீரும், நடுவில் கொட்டும் தண்ணீரும் ஒரே உயரத்திலிருந்துதான் வருகின்றன. காற்றின் தடையை விட்டுவிட்டால் வேகமும் ஒன்றே. ஆனால் ஓரத்தில் குழந்தைகள் கூச்சலிட்டுக் குளிக்கிறார்கள். நடுவில் போய் நின்ற பெரியவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். விழும் நிறைதான் வேறு. (உச்சியிலிருந்து தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை என்பதும் நம் நல்வினையே. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளம் அதைத் தாங்கி, வேகத்தை உறிஞ்சிக்கொண்டு, பிறகே வழியவிடுகிறது. 60 மீட்டர் தடையின்றி விழுந்தால் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.)

மோதிரக் களத்துக்குத் திரும்புவோம். சிறிய வீரரின் மூலதனம் நேரம். பெரியவரின் மூலதனம் நிறை. எதிரியின் அசைவைக் கண்டு கை கிளம்பும் வேகம் இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு சிறிது சிறிதாகக் குறைகிறது. தசை வலிமையோ முப்பதுகளிலும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆகவே மெலிந்தவர் முன்னதாகவும் கனத்தவர் பின்னதாகவும் தளர்வார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் இது கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. தனி ஒருவருக்கு இதை அப்படியே பொருத்துவது, சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு ஆற்றில் இறங்குவது போன்றது. மணிப்பூரின் மேரி கோமைப் பாருங்கள். 2002-இல் 45 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது. பிறகு 2005, 2006, 2008 ஆண்டுகளில் 46 கிலோவிலும், 2010-இல் 48 கிலோவிலும் பட்டங்கள். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 2018-இல், முப்பத்தைந்தைத் தாண்டிய வயதில் டெல்லியில் மீண்டும் 48 கிலோ பட்டம்! மிக மெலிந்த பிரிவு. இளமையிலேயே இறங்கியிருக்க வேண்டியவர்.

அவருக்கு இடையில் வந்த தடை வயதால் வந்ததன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள். 48 கிலோவில் பழகியவர் 51-க்கு ஏற வேண்டியதாயிற்று. அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலம் பெற்றார். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஆடம்ஸ் உயரமானவர், அந்த எடையில் ஊறியவர். வயதை மட்டும் வைத்து உச்சத்தை அளப்பவர்கள் இந்தப் போட்டியை எப்படி விளக்குவார்கள்?

இதற்கு நேர் எதிரான கதை பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவோவினுடையது. 1998 டிசம்பரில், இருபது வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன், 112 பவுண்டு (சுமார் 51 கிலோ) பிரிவில் உலகப் பட்டம் வென்றார். மறு ஆண்டு அதே பட்டத்தைக் காக்க வந்தபோது தராசிலேயே தோற்றார். உடல் வளர்ந்துவிட்டது, எடை இறங்கவில்லை. வற்றிப்போன உடம்போடு களத்தில் இறங்கி மூன்றாம் சுற்றிலேயே வீழ்ந்தார். அந்த ஆண்டோடு அவர் உச்சம் முடிந்தது என்று ரசிகர் யாரேனும் எழுதியிருந்தால் வியப்பில்லை. அவரோ இடைப் பிரிவுகளைத் தாண்டி 122 பவுண்டுக்கு ஏறினார். 2001-இல் அங்கே பட்டம். 2010-க்குள் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டங்கள்! அவருடைய உச்சம் 51 கிலோவில் இல்லை. வளர்ந்த உடல் எங்கே போய் நின்றதோ அங்கே இருந்தது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கிய அடிகள். ஜார்ஜ் ஃபோர்மன் 1994-இல், 45 வயதில், தம்மைவிட ஏறக்குறைய 19 ஆண்டு இளையவரான மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திக் கன எடைப் பட்டம் பெற்றார். கனத்தவர் நெடுநாள் நிற்பார் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் 1977 முதல் 1987 வரை அவர் களத்துக்கே வரவில்லை! பத்தாண்டுகள் அவர் தலையில் அடி விழவில்லை. முகமது அலியும் அதே கன எடைக்காரர்தாம். 1980 ஜனவரியில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் நிகழ்த்திய காட்சிப் போட்டியைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசி மகிழ்கிறார்கள். அதற்குப் பின் அவர் இரண்டே போட்டிகளில் கலந்துகொண்டார், இரண்டிலும் தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் கண்டறியப்பட்டன. அடிபட்டு அடிபட்டு மூளை கெடும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-இலேயே எழுதிவிட்டார். பிறந்த தேதியைக் கேட்பவர்கள், முதல் அடி வாங்கிய தேதியையும் கேட்க வேண்டாமா?

இனி எடைக் குறைப்புக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர், "சார், ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ குறைச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். என்ன குறைந்தது என்று அவரையே கணக்கிடச் சொன்னேன். உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கிலோகலோரி செலவாக வேண்டும். ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டினால் சுமார் 600 செலவாகும். அது 80 கிராம் கொழுப்புக்குத்தான் சமம். மிச்சமெல்லாம் தண்ணீர்! அந்தத் தண்ணீர் இரத்தத்திலிருந்தும் தசையிலிருந்தும் வருகிறது. மெலிந்த வீரரின் மூலதனம் நேரம் என்று பார்த்தோம். உடலில் நீர் வற்றியவரின் கை அந்த நேரத்தையும் இழக்கக்கூடும்.

மேரி கோம் கூட எடை பார்க்கும் முன் அவசரமாக இரண்டு கிலோ இறக்கியதுண்டே என்பீர்கள். உண்மைதான். அவர் வளர்ச்சி முடிந்தவர். உடனிருந்து கவனிக்க ஆட்கள் உள்ளவர். அப்படி இருந்தும் இது சூதாட்டமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், குத்துச்சண்டை அல்ல, மல்யுத்தத்தில், வினேஷ் போகாட் இறுதிப் போட்டிக்கு வந்தும் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததால் விலக்கப்பட்டார். அரை டம்ளர் தண்ணீர்!

பதினைந்து வயதில் உங்கள் எலும்புகள் இன்னும் நீள்கின்றன. சென்ற ஆண்டு 46 கிலோவில் வென்றதற்காக இந்த ஆண்டும் அங்கேயே நிற்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பயிற்சியாளரே சொன்னாலும் சரி. என் கருத்தில், பள்ளிப் போட்டிகளில் தராசுக்குப் பக்கத்தில் உயரக்கோல் ஒன்றும் நிறுத்தப்பட வேண்டும். சென்ற முறையைவிட உயரம் கூடி, எடை மட்டும் கூடாமலோ குறைந்தோ வரும் மாணவரைக் களத்துக்கு அனுப்பாமல், முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு மரச்சட்டமும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.