கழியொலியும் கசியிழையமும்: இப்போதைக்கு ஆய்வுகூடத்தில் மட்டும்

ஒலியால் கசியிழையம் வளர்க்கிறார்களாம் என்ற செய்தி நம் இயன்மருத்துவத் தொழிலைச் சார்ந்தது. படுவான்கரையிலிருந்து புளியந்தீவுக்கு வரும் வேளாண்மைக்காரர் ஒருவர், “சவ்வு தேஞ்சிட்டு எண்டு சொன்னீங்களே டொக்டர், அந்த மிஷினால வளர்க்கேலாதா?” என்று கேட்டால் தெளிவான பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

கசியிழையத்தில் குருதிக்கலனும் இல்லை, நரம்பும் இல்லை. சிதைந்தால் தானாக ஈடுசெய்துகொள்ளாது. நோயாளியின் சொந்தக் கலங்களை வெளியே பெருக்கி முழங்காலில் மீண்டும் வைத்த முடிவுகளைச் சுவீடன் குழுவொன்று 1994இல் வெளியிட்டது. ஆனால் தட்டையான வளர்ப்புத் தட்டில் பெருகும் கலம் மெல்லத் தன் இயல்பை இழக்கிறது. இரண்டாம் வகைக் கொலாஜனைக் குறைத்து முதலாம் வகையைச் சுரக்கிறது.

கழியொலி உதவுவது இந்த இடத்தில்தான். சவுதாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான அலையின் விசை மனிதக் கசியிழையக் கலங்களை ஊடகத்தின் நடுவே திரட்டி நிறுத்தியது. தாங்குசட்டம் எதுவுமின்றி, 21 நாட்களில் மூட்டுக் கசியிழையத்தை ஒத்த இழையம் உருவானது. அமெரிக்காவில் அனுராதா சுப்பிரமணியன் குழுவினர், கைற்றோசான் சட்டத்தில் பதித்த கலங்கள் கழியொலி பட்டதும் கூடுதலாகப் பெருகித் தாயத்தைச் சுரப்பதைக் காட்டினர்.

இவையெல்லாம் ஆய்வுகூடக் கலன்களுக்குள் நடந்தவை. என்பு முறிவின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. 1.5 மெகாஹேர்ட்ஸ், சதுர சென்ரிமீற்றருக்கு 30 மில்லிவாற்று, நாளுக்கு 20 நிமிடம் என்ற குறைசெறிவுக் கழியொலிக்கு அமெரிக்கா 1994இலேயே அனுமதி அளித்தது. ஆய்வுகூட முடிவுகளும் சிறு ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. 2016இல் 501 கணைக்கால் முறிவு நோயாளிகளிடம் செய்த எழுமாற்று ஆய்வோ பயன் எதையும் காணவில்லை. அடுத்த ஆண்டே அதைப் பயன்படுத்த வேண்டாமென வழிகாட்டல் வந்தது.

இயன்மருத்துவ அறையில் நாம் பயன்படுத்தும் கருவி வேறு வகை. 1 அல்லது 3 மெகாஹேர்ட்ஸில் பெரும்பாலும் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு வாற்றை ஒட்டிய செறிவில் இயங்குவது அது. மேலே சொன்ன சிகிச்சையின் செறிவைப்போல் முப்பது மடங்குக்கு மேல். இந்த அளவில் அது தேய்ந்த மூட்டில் கசியிழையத்தை வளர்க்கும் என்பதற்குச் சான்றில்லை.

நோயாளியிடம் அதை அப்படியே சொல்வோம். தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவற்றுக்குச் சான்று உண்டு. நேரத்தை அவற்றில் செலவிடுவோம். ஆய்வில் ஆர்வமுள்ள இளையோருக்கும் வழி இருக்கிறது. கைற்றோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுவது. அந்த ஓடுகளுக்கு வாவிக்கரையில் பஞ்சமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, சுகாதாரப் பராமரிப்பு பீடங்கள் இதில் கைகோக்க வேண்டும். கழியொலியை ஆய்வுகூடத்தில் துணிந்து சோதிப்போம். சிகிச்சை அறையில் சான்று வரும்வரை பொறுப்போம்.